சகனில் போட்ட வரப்பு

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும். ஆனால் இது என் சினேகிதியைப் பற்றியது, அதனால் அவசரமில்லை.

அவள் கீழக்கரைக்காரி. நான் ராமநாதபுரத்துக்கு உள்ளே தள்ளி, வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலங்கரி. எங்கள் காட்டு முண்டு மிளகாய் வத்தலுக்கு ஒரு பேர் உண்டு. உருண்டையாக, தோல் தடித்து, அரைத்துப் போட்டால் குழம்புக்கு நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே கொடுக்கும். பங்குனி பிறந்ததும் அவள் வீட்டுக்கு ஒரு மூட்டை போய்விடும். நான் புதுப்பெண்ணாக இருந்தபோது முதல் மூட்டையோடு போய் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்றேன். வீட்டுப் பெரியவர்கள் மூட்டையின் வாயைத் திறந்து மேலாகப் பார்த்தார்கள். அவள் மட்டும் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியில் கிடந்த வத்தல் ஒன்றை எடுத்து, கிள்ளி, மோந்து பார்த்துவிட்டு, "இதைப் போயி விக்க மனசு வந்துச்சா ஒனக்கு?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்த சினேகிதம். அவர்கள் ஊரில் அக்காளை லாத்தா என்பார்கள். என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கும் அவள் லாத்தாதான்.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஆக்கினாலும், தம் போடுகிறதுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடி வருவார்கள். அவள் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, "எலுமிச்சம்பழம் ரெண்டு பிழிங்க" என்பாள். அவ்வளவுதான், பிழிந்தால் சரியாக இருக்கும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கைதான் இரண்டு வருசமாக ஆடுகிறது. வலது கை. சும்மா மடியில் கிடந்தாலும் ஆடும், ஒரு பருக்கையை எடுக்கப் போனால் இன்னும் ஆடும். இடது கை கல்லு மாதிரி அசையாமல் இருக்கிறது. ஆனால் இடது கையால் சாப்பிட மாட்டாள். அது அவர்கள் மார்க்கத்திலும் கிடையாது, நம் பழக்கத்திலும் கிடையாது. அதனால் மருமகள் கரண்டியால் ஊட்டிவிடுவாள். தங்கமான மருமகள். லாத்தா கேட்டுக்கொண்டபடி அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் ஊட்டுவாள். எத்தனையோ பேருக்குச் சோறு போட்டவள், யார் கண்ணிலும் படாமல் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் பேத்திக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவர்கள் பக்கத்து விருந்து தனி. இலை கிடையாது. சகன் என்று ஒரு பெரிய தாம்பாளம். அதில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் கறியை வைப்பார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்காருகிற முதல் சகனில், பெண் வீட்டுப் பெரிய மனுசி கூட உட்கார்ந்து கை வைக்க வேண்டும். அவள் வீட்டில் அது தலைமுறையாக வருகிற மரியாதை. அவள் மாமியார் உட்கார்ந்தார், பிறகு அவள் உட்கார்ந்தாள். இப்போது அவள்தான் மாட்டேன் என்றாள்.

"நான் நோம்புன்னு சொல்லிருங்க" என்றாள்.

"கல்யாணத்தன்னிக்கு எவ நோம்பு இருப்பா?" என்றேன் நான்.

"அப்ப மௌத்தாயி மண்ணுக்குள்ள போயிட்டேன்னு சொல்லு. என் கையி ஆடி, சோறு தெறிச்சு, சம்பந்தக்காரவுக பட்டுச் சேலையில விழுகணுமாக்கும்? எம் பேத்தியக் கொண்டுபோகாம ஓடிருவாக."

துபாயில் இருந்து மகன் போன் போட்டுக் கெஞ்சினான். பேத்தி அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் நரம்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்றான் மகன். மருமகளுக்குக் கல்யாண வேலை. "நான் கூட்டிப்போறேன்" என்றேன். அவளும் நான் என்றால்தான் வருவேன் என்றாள்.

ராமேஸ்வரத்தில் இருந்து வருகிற ரயிலில் ராமநாதபுரத்தில் ஏறினோம். நான் இட்லி கட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிர் சீட்டில் ஆட்கள் இருந்ததால் அவள் தொடவே இல்லை. அவள் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுகிறது? பரமக்குடியில் ஒரு பெரிய குடும்பம் கைப்பிள்ளைகளோடு ஏறியது. பொட்டலத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். மதுரை டாக்டர் நல்ல மனுசன். அவள் கையைப் பிடித்து, நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, மூக்கைத் தொடச் சொல்லிப் பார்த்தார். மாத்திரையை மாற்றி எழுதினார். கொஞ்சம் குறையும், முழுசாக நிற்காது, பயப்படுகிற வியாதி இல்லை என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அடுத்த மாசத்துக்குள்ள நிக்குமா டாக்டர்?"

"நிக்காதும்மா."

வெளியே வந்தபோது உச்சி வெயில். இரண்டு பேரும் காலையில் குடித்த டீயோடு இருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்பில் ஒரு பெரிய கடை. கண்ணாடிக் கதவு, வாசலில் ஒட்டகப் படம், சுவரில் அரபு எழுத்து. அவள் அதை வாசித்துப் பார்த்து, "நம்ம ஆளு கடைதான். ஹலாலாத்தான் இருக்கும்" என்றாள். திரை போட்ட தனி அறை இருக்கும் என்று நான் சொன்னதால்தான் உள்ளே வந்தாள். உள்ளே போனால் திரை போட்ட அறை எல்லாவற்றிலும் ஆள். நட்ட நடுவில் ஒரு மேசைதான் காலி. அதைச் சுற்றி அத்தனை மேசையிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்படியே திரும்பினாள். "வா புள்ள, போவோம். ரயில்ல போயி படுத்துக்குருவோம்."

"லாத்தா, எனக்குப் பசிக்குது."

சும்மா சொன்னதில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு அவள் நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் முன்னால் பசி என்று சொன்ன யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியது இல்லை. துப்பட்டியை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, நடு மேசையில் போய் உட்கார்ந்தாள். ஆடுகிற கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

பரிமாறுகிறவர் வடக்கத்திக்காரர். மேசையில் ஒட்டியிருந்த கட்டம் கட்டமான படத்தைக் காட்டி, போனில் பிடித்தால் சாப்பாட்டுப் பேர் எல்லாம் வரும் என்றார். என் போனில் பேச மட்டும்தான் முடியும். "எய்யா, நீங்களே வாயால சொல்லுங்க" என்றேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் என்னென்னவோ அடுக்கினார். கடைசியில் நான், "ஆட்டுக்கறி, சோறு, ரெண்டு ஆளுக்கு" என்றேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒரே தட்டு. தட்டா அது, எங்கள் வீட்டில் வத்தல் காயப்போடுகிற முறம் அகலம் இருக்கும். நீள நீளமான அரிசி, பாதி மஞ்சள், பாதி வெள்ளை. மேலே முழுத் துடை ஒன்று, எலும்போடு, ஆவி பறக்க. கிஸ்மிஸ், முந்திரி, ஒரு கிண்ணத்தில் தக்காளித் துவையல், இன்னொன்றில் வெள்ளையாக என்னவோ ஒன்று.

லாத்தா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன புள்ள, எங்கருந்து தப்பிச்சு வந்தேனோ அங்கனயே கொண்டாந்து உக்கார வச்சிட்டியே. இது சகன்தான்."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இரண்டு தனித் தட்டு கேட்டேன், கொண்டுவந்தார். அவளுக்குக் கொஞ்சம் சோற்றையும் கறியையும் எடுத்து வைத்தேன். ஊட்டட்டுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவள் பிஸ்மி சொல்லிவிட்டுக் கையை மேலே எடுத்தாள். அந்த அரிசி ஒன்றோடு ஒன்று ஒட்டாத அரிசி. நம் அரிசி என்றாலும் பிசைந்து உருட்டலாம், இதைப் பிடிக்கவே முடியாது. அள்ளியது வாய்க்குப் போகுமுன் பாதி மேசையில், பாதி மடியில். இரண்டாவது தடவையும் அப்படியே. தட்டு சின்னது, கை ஆடுகிற ஆட்டத்துக்கு அது காணாது. பக்கத்து மேசையில் இருந்த அம்மா சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். நல்ல எண்ணத்தில்தான் பார்த்தாள், ஆனால் லாத்தா அதைக் கவனித்துவிட்டாள். கை மறுபடி மேசைக்குக் கீழே போனது.

"நீ தின்னு. எனக்குப் போதும்" என்றாள்.

அவளை விட்டுவிட்டு எப்படித் தின்ன? பெரிய தட்டை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். "இதுலயே ஆளுக்கு ஒரு பக்கம் தின்போம் லாத்தா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கு அது பழக்கமில்லை. அவள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். சோறு ஒரே பானை, தட்டு எனக்குத் தனி. ஒரே தட்டு என்றால் என்னுடையது எதுவரைக்கும், அவளுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கணக்கு வேண்டாமா? கரண்டியை எடுத்தேன். சோற்றை இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் நடுவில் கூட்டி, விரலால் தட்டி, நேராக ஒரு வரப்பு போட்டேன். மிளகாய்க் காட்டில் போடுகிற மாதிரியே. கறி வரப்பு மேல் உட்கார்ந்திருந்தது. அதைப் பொதுவில் விட்டுவிட்டேன். தக்காளித் துவையலை என் பக்கம் ஊற்றினேன், கரை தாண்டாமல் நின்றது. நல்லா வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால் லாத்தாவின் தோள் குலுங்குகிறது. கை ஆட்டம்தான் உடம்பு முழுக்கப் பரவிவிட்டதோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள்.

"அல்லாவே! சகன்ல வரப்புப் போட்டவளை இன்னைக்குத்தான் பாக்குறேன். ஏ புள்ள, தண்ணி பாய்ச்சப் போறியா? மடை எங்கன வெட்டுவே?"

"பின்ன எப்புடித் தின்கிறதாம்?"

"நீ இத்தனை வருசமா எங்க ஊருக்கு வந்து என்னத்தப் பாத்த?" அவளுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டில் ஒருத்தர் முறை தவறினால் அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கை தானாக மேலே வந்துவிட்டது. வந்த வேகத்தில் என் வரப்பை நடுவில் உடைத்தாள். "எல்லை கிடையாது இதுல. உன் முன்னால இருக்கிறதத் தின்னு. தூரத்துல கைய நீட்டாத. நல்ல கறி உம் பக்கம் இருந்துச்சுன்னா எதிர்ல இருக்கிறவளுக்குத் தள்ளு. அவ உனக்குத் தள்ளுவா. அம்புட்டுத்தான் சட்டம்."

சொல்லிக்கொண்டே துடையில் இருந்து ஒரு துண்டைப் பிய்த்தாள். எலும்பைப் பிடித்து அழுத்துகிறபோது கை ஆடவில்லை, அதைக் கவனித்தேன். பிய்த்ததை என் பக்கம் தள்ளினாள். பிறகு சோற்றை அள்ளினாள். கை ஆடியது. சோறு விழுந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். விழுந்த சோறு தட்டில்தான் விழுந்தது. அத்தனை அகலத் தட்டு. எங்கே ஆடினாலும், எந்தப் பக்கம் சிந்தினாலும், அதுக்குள்ளேயேதான் விழ வேண்டும். சிந்தியது எது, முன்னமே கிடந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அவள் இன்னொரு கை அள்ளினாள். இந்தத் தடவை குனிந்து, முகத்தைத் தட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். பாதி வாயில், பாதி திரும்பச் சகனில். மறுபடி அள்ளினாள். அதற்கு அப்புறம் நான் அவள் கையைப் பார்க்கவில்லை. என் முன்னால் கறி வந்து சேர்ந்துகொண்டே இருந்தது, அதைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

"தள்ளுனா திருப்பித் தள்ளணும்னு சொன்னேன்ல? நீயே எல்லாத்தையும் முழுங்குற."

"நீதானே பசியோட யாரையும் விட மாட்டே."

சாப்பாட்டைப் பற்றியும் அவள் தீர்ப்பு சொல்லாமல் இல்லை. "கறி வேக்காடு ஒண்ணாம் நம்பர். எலும்ப விட்டுத் தானா வருது பாரு. அரிசியும் நல்ல அரிசி. மசாலாதான் பச்சப்புள்ளைக்கு ஆக்குன மாதிரி இருக்கு." எனக்கும் அதேதான் தோன்றியது. என் சுருக்குப் பையில் வறுத்த மோர் மிளகாய் எப்போதும் நாலைந்து கிடக்கும், வெளியூர்ச் சோற்றை நம்ப முடியாது. எடுத்து நொறுக்கிச் சோற்றின் மேல் தூவினேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"போன வருசத்துக் காய்ப்பு" என்றாள்.

சரியாகச் சொன்னாள். போன வருசத்து மிளகாய்தான். கை ஆடினால் என்ன, அந்த நாக்கு எங்கேயும் போகவில்லை.

முடிகிற சமயத்தில் பக்கத்து மேசைக் குட்டிப் பெண் எங்களிடம் வந்து நின்றது. வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும் போல. "பாட்டி, உங்க கை ஏன் ஆடுது?" என்று கேட்டுவிட்டது. அதன் அம்மா பதறி எழுந்து வந்தாள். காலையில் இப்படி யாராவது கேட்டிருந்தால் லாத்தா ஊருக்கே திரும்பியிருப்பாள்.

லாத்தா கையைத் தூக்கி அந்தப் பிள்ளைக்கு நன்றாகக் காட்டினாள். "எவ்வளவு நாளைக்கு அப்புறம் நல்ல சோறு கண்டிருக்கு, ஆடாம என்ன செய்யும் கண்ணு?" என்றாள். பிள்ளை சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். தட்டில் மிச்சம் இருந்த முந்திரியைப் பொறுக்கிப் பிள்ளை கையில் கொடுக்கப் பார்த்தாள் லாத்தா. இரண்டு மூன்று கீழே விழுந்தது, ஒன்று போய்ச் சேர்ந்தது. அது போதும் என்று பிள்ளை ஓடிவிட்டது.

கடைக்காரர்கள் கை கழுவுகிற இடத்துக்கு வழி காட்டினார்கள். வடக்கத்திக்காரர் லாத்தாவுக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். நல்லா இருக்கணும் என்று அவள் அவருக்கு துவா செய்தாள். பிறகு மசாலாவுக்கு என்ன சேர்க்க வேண்டும் என்றும் சொன்னாள். அவர் விளங்கின மாதிரித் தலையை ஆட்டினார்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். கை மடியில் ஆடிக்கொண்டு இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. மானாமதுரை தாண்டியதும் திடீரென்று சொன்னாள்:

"சகன் பெருசு புள்ள. எனக்கு இது எப்புடித் தோணாமப் போச்சு?"

ஆடுகிற கையை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள்:

"உக்காந்துருவேன்னு நெனக்கிறேன். ஆனா எம் பக்கத்துல நீ உக்காரணும்."

"நானா? சம்பந்தக்காரவுக சகன்லயா? நான் யாரு அங்கன?"

"எங்க வீட்டுக் குழம்புக்கு இத்தனை வருசமா நிறம் குடுத்தவ. வேற யாரு?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வரப்பு மட்டும் போட்டுராத. அவுக வெளிநாட்டுல இருந்து வாரவுக, பயந்துருவாக" என்றாள்.

கல்யாணத்தன்று போனேன். எனக்கு இருக்கிறதில் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு போனேன். பெண்கள் பகுதியில் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, முதல் சகன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அத்தை, பெரியம்மா மூன்று பேரும் பட்டும் தங்கமுமாக எதிரே உட்கார்ந்தார்கள். லாத்தாவை மருமகள் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள். அவளை ஒட்டி நான். மருமகள் போகாமல் எங்களுக்குப் பின்னாலேயே நின்றாள். முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தாள். கரண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

லாத்தா பிஸ்மி சொல்லிக் கையை வைத்தாள். அந்தக் கை ஆடுகிறதை மூன்று பேரும் பார்த்தார்கள். ஒரு நிமிசம் யாரும் சோற்றைத் தொடவில்லை. லாத்தா நிதானமாக, நல்ல சதையாக ஒரு துண்டைப் பிய்த்து, மாப்பிள்ளையின் அம்மா பக்கம் தள்ளினாள். அது போகிற வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே போய் அந்த அம்மா முன்னால் நின்றது.

"சாப்பிடுங்க சம்பந்தி. என் கையி கொஞ்சம் ஆடும், கண்டுக்காதீங்க. கறி ஆடாது" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டு, அதைவிடப் பெரிய துண்டாக ஒன்றைப் பிய்த்து லாத்தா பக்கம் தள்ளினாள். அப்புறம் அத்தை தள்ளினாள், பெரியம்மா தள்ளினாள். சகனில் கறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டு இருந்தது. லாத்தா குனிந்து சாப்பிட்டாள். சிந்தியது சகனிலேயே விழுந்தது. யார் பட்டுச் சேலையிலும் ஒரு பருக்கை படவில்லை.

பாதியில் அவள் பின்னால் திரும்பாமலே மருமகளிடம் சொன்னாள்: "அந்தக் கரண்டியக் கொண்டுபோயி கடப்பாசி இனிப்பு எடுத்து வைக்கிறவ கையில குடு. இங்கன நிக்காத, கூட்டம் வருது."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

என் முன்னாலும் ஒரு துண்டு வந்து நின்றது. யார் தள்ளியது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். எதிர்ப்பக்கம் யாருக்குக் குறைவாக இருக்கிறது என்று பார்த்து, அதில் பாதியைப் பிய்த்துத் தள்ளிவிட்டேன்.